அத்தை வரைந்த நான்கு எழுத்துகள்

எனக்கு எழுபத்து நான்கு வயது முடிந்துவிட்டது. ஐந்து பெற்றேன். கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு பேரில் ஒருவர்கூட என் முன்னால் குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. பாங்கிலோ ரேஷன் கடையிலோ நான் கைநாட்டு வைத்ததும் கிடையாது. என் பெயரைத் தமிழிலும் எழுதுவேன், பெங்காலியிலும் எழுதுவேன். அதற்கு மேல் என்றால் எழுத்துக்கூட்டித்தான், அதுவும் மெதுவாக. இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறு ஒன்றில் இருக்கிறது. அதற்காகத்தான் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பாலிகஞ்சில் நம் தமிழ்ப் பெண்கள் கூட்டத்தில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். நாம் ஒவ்வொருவரும் சிறு வயது நினைவு ஒன்றைச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரு புத்தகமாகப் போடலாம் என்று முடிவானது. அட்டையை என் பேத்தி செய்து தருவதாகச் சொன்னாள். அவளுக்குச் சோறு போடும் வேலையே அதுதான். தலைப்பை நான்கு விதமான எழுத்தில் போட்டுக் கொண்டுவந்து நம் முன்னால் விரித்தாள். அதில் ஒன்றைப் பார்த்ததும் நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு எழுத்து குனிந்திருந்தது, ஒன்று எட்டிப் பார்த்தது, ஒன்றின் கால் மட்டும் பருத்திருந்தது.

“ஏண்டி, நமக்கெல்லாம் பல்லே இல்லை. அட்டை மட்டும் பல்லைக் காட்டறதே!” என்று நம்மில் மூத்தவள் சொன்னாள்.

“இது டிஸ்ப்ளே ஃபான்ட், மாமி. கையால வரைஞ்ச மாதிரி இருக்கும். பெரிசா, தலைப்புக்கு மட்டும் போடறது. ஐஸ்கிரீம் கடை, பர்த்டே கார்டு, குழந்தைங்க புக், துர்கா பூஜோ ஸ்டால், எங்க சிரிக்கணுமோ அங்க. உள்ள படிக்கிற கதைக்கெல்லாம் நிதானமான எழுத்துதான்” என்றாள் பேத்தி.

“அப்போ என் பதிமூணாம் நாள் பத்திரிகைக்கு?”

“சீ, போங்க! அதுக்கு ஆகாது மாமி.”

எல்லோரும் சிரித்தீர்கள். நான் முழங்கால் வலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பேத்தி வேலையைக் கேலி செய்ததில் எனக்குக் கோபம் என்று பிறகு பேசிக்கொண்டீர்களாம். அது இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வந்தது. ஓரிடத்தில் இடது பக்கம் சாய்ந்தும் இன்னோரிடத்தில் நிமிர்ந்தும் நின்றது. “இதை யாரோ கையால்தான் வரைந்திருக்கிறார்கள்” என்றேன்.

“இல்ல ஆச்சி. ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு ரூபம் வரைஞ்சு உள்ள வச்சிருக்காங்க. டைப் பண்ணப் பண்ண அதுவே மாத்தி மாத்திப் போடும். அப்பத்தான் கை மாதிரி இருக்கும்.”

“நாலாவது தடவை வந்தால்?”

“மறுபடி முதல் ரூபம்.”

நாலாவது தடவையும் வேறு மாதிரி வரைந்த கை ஒன்றை எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொன்னேன். அன்று ஆரம்பித்த பேச்சுதான் இது.

அப்போது எனக்கு எட்டு வயது. இதே கல்கத்தாவில், டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு டல்ஹௌசிப் பக்கம் ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை. அப்பா, அம்மா, நான், தொட்டிலில் தம்பி. கீழே ஒரு பெங்காலிக் குடும்பம், புருஷன் பெண்டாட்டி இருவர் மட்டும். நான் அவர்களைக் காகு, காகிமா என்று கூப்பிடுவேன், நம் சித்தப்பா, சித்தி மாதிரி. ரயில் போகும்போது எங்கள் அலமாரியில் பித்தளை டம்ளர்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும். காலையிலும் மாலையிலும் சந்து முழுக்கக் கரி அடுப்புப் புகை. கீழே இலீஷ் மீன் பொரிக்கிற வாடை வந்தால் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவாள்.

அந்த மழைக்காலத்தில் அப்பாவின் தங்கை திருநெல்வேலியிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தாள். அத்தைக்கு இருபத்து மூன்று வயது. ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று ஊரில் வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போயிருந்தன. கல்கத்தாவில் பார்க்கலாம் என்று அப்பாதான் வரவழைத்தார். ஒரு தகரப் பெட்டி, நான்கு சேலை. அத்தை வந்த மூன்றாம் நாள் கீழே மீன் பொரித்தார்கள். அம்மா ஜன்னலைச் சாத்த எழுந்தாள்.

“மதினி, கோவிச்சுக்கிடாதீய. வாடை நல்லாத்தான் இருக்கு” என்றாள் அத்தை.

“அட கோட்டிக்காரி! ஒங்க அண்ணன் காதுல விழுந்தா ரெண்டு பேரையும் ரயில்ல ஏத்திருவாக” என்று சொல்லி அம்மா சிரித்தாள். அம்மா சிரித்து நான் பார்த்தது குறைவு. அத்தை வந்த பிறகு வீட்டில் சிரிப்பு இருந்தது.

காகு வீட்டிலிருந்தே வேலை செய்பவர். எழுத்து வரைவது அவர் தொழில். மிட்டாய் டப்பாவுக்கு, தலைக்கு வைக்கிற எண்ணெய்ச் சீசாவுக்கு, குழந்தைகள் புத்தகத்துக்கு அவர் வரைந்து கொடுப்பதை அச்சாபீஸில் பிளாக் செய்து அடிப்பார்கள். துர்கா பூஜைக்கு முன்னால் இந்த ஊர் அச்சாபீஸ்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அது உங்களுக்கே தெரியும். சரியாக அந்த நேரம் பார்த்துக் காகு மழையில் டிராமிலிருந்து வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நம் தீபாவளி மலர் மாதிரி பூஜைக்கு வரும் குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்கு எழுத்து வரைவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

அத்தை தலையணை உறையில் பென்சிலால் கிளி வரைவதைக் காகிமா பார்த்திருந்தாள். ஒரே இழுப்பில் அலகு, கழுத்து, வால். இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. காகிமா மேலே வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் புருஷனின் கட்டுப்போட்ட கையை நடித்துக் காட்டி, மையைத் தொட்டு எழுதுவதுபோலக் காட்டினாள். அத்தைக்குப் புரிந்துவிட்டது. மிச்சத்தை நான் சொன்னேன். வீட்டில் துபாஷி நான்தான். சந்து முனையிலிருந்த பெங்காலிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு.

வேலை இப்படி நடந்தது. காகு இடது கையால் பென்சிலில் எழுத்தைப் போட்டுக் கொடுப்பார். அப்பா ஆபீசுக்குப் போன பிறகு அத்தை கீழே போய்க் காகிமாவிடம் தாளை வாங்கி வருவாள். மத்தியானம் அம்மா தம்பியோடு படுத்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பென்சில் கோட்டின்மேல் மை ஏற்றுவாள். மூன்றே மயிர் வைத்த ஒரு தூரிகை, சைனா இங்க் சீசா, மையை வழிக்க ஓரம் உடைந்த ஒரு சாஸர். அந்த மைக்குக் கற்பூரம் கலந்தது மாதிரி ஒரு வாசனை. அம்மாவிடம் கீழே தையல் கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அந்நிய ஆண்பிள்ளைக்கு வேலை செய்கிறாள் என்றால் அப்பா சம்மதிக்க மாட்டார்.

அத்தைக்குப் பெங்காலியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. எது எழுத்து, எது காகுவின் இடது கை நடுக்கம் என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. ஆகவே நடுக்கத்தையும் சேர்த்து வரைந்தாள். கை வழுக்கிய இடத்தில் எழுத்து வழுக்கியது. பென்சில் தடுமாறி இரண்டு கோடாக விழுந்த இடத்தை அவள் பருமனான காலாக்கினாள். முதல் தாளைக் கொடுத்தனுப்பிவிட்டு, “என்ன சொல்லுவாவளோ” என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காகிமா படியில் ஓடி வந்து, “ஷுந்தோர்! ஷுந்தோர்!” என்று அத்தையின் இரண்டு கன்னத்தையும் பிடித்து ஆட்டினாள். அழகு, அழகு என்கிறாள் என்று நான் சொன்னேன். இருபது வருஷம் வலது கையால் எழுதியும் இப்படி ஓர் எழுத்து வரவில்லை, பிள்ளைகள் குதிப்பதுபோல இருக்கிறது, எதையும் நேராக்க வேண்டாம் என்று காகு சொல்லியனுப்பியிருந்தார்.

அன்று அத்தையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவளுக்கு எதிலும் குறைதான் சொல்லியிருந்தார்கள்.

“நம்ம எழுத்து சம்மணம் போட்டு உக்காந்திருக்குட்டி. இவங்க எழுத்து பாதிக்கு மேல கொடியில காயப்போட்ட துணி. காத்தடிச்சா ஆடத்தானே செய்யும்?” என்பாள். எழுத்தின் தலைக்குமேல் ஓடும் கோட்டைத்தான் கொடி என்று சொன்னாள்.

அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். “இது என்ன எழுத்துட்டி?” என்று கேட்பாள். நான் உடனே சொல்வேன். இங்கேதான் நான் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் கடைசி வரிசை. பேச்சுப் பெங்காலி தண்ணீர்பட்ட பாடு. வாசிக்கச் சொன்னால் முதல் வார்த்தைக்குமேல் நகராது. வீட்டிலோ நான்தான் பண்டிதை. வெளியாள் வந்தால் அப்பா என்னைக் கூப்பிட்டு, “எம்மவ பெங்காலிய அப்படியே வாசிப்பா” என்று காலண்டரைக் காட்டுவார். நான் வாய்க்கு வந்ததை ராகத்தோடு வாசிப்பேன். கேட்பவர்களுக்கும் தெரியாது. எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்பாவின் முகம் மலர்ந்து போகும். அந்த முகத்துக்காக நான் எதையும் வாசிப்பேன்.

பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. கூரை ஓரம் ஒழுகி அத்தையின் பாய் நனைந்தது. அம்மா பாயைச் சுருட்டித் தூக்கினாள். அடியில் ஒரு தாள். முந்தின நாள் அத்தை வரைந்து முடித்தது, இன்னும் கீழே கொடுக்கவில்லை. பெரிது பெரிதாக நான்கு எழுத்துகள். முதலாவது குத்தவைத்து உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கும். இரண்டாவது இரண்டு பேர் சுமக்கும் பல்லக்கு. மூன்றாவது திரும்பிப் பார்க்கும் கோழி. நான்காவது குடை பிடித்து நிற்கும். இன்றைக்கும் கண்ணை மூடினால் நான்கும் வரும்.

“இங்கன பாத்தியளா. பெங்காலில என்னமோ எழுதி ஒளிச்சு வச்சிருக்கா” என்று அம்மா அதை அப்பாவிடம் கொடுத்தாள்.

அப்பா தாளைத் தலைகீழாகத் திருப்பினார், நேராகத் திருப்பினார். அவருக்கும் பேச மட்டும்தான் தெரியும்.

“என்னது இது?”

“கீழ்வீட்டு அண்ணாச்சி புஸ்தகத்துக்கு வரையுதாக அண்ணே. கையில கட்டு. அதான் நான் மை ஏத்திக் குடுக்குதேன்” என்றாள் அத்தை.

“என்ன எழுதியிருக்கு?”

“தெரியாது அண்ணே. குடுத்ததை வரைஞ்சேன்.”

“வாசிக்கத் தெரியாதவ எழுதுவாளாக்கும்! யார் காதுல பூச் சுத்துத?”

அத்தை சொன்னது உள்ளதுதான், அதை யார் நம்புவார்கள்? அப்பா என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, இங்க வா. இதை வாசி.”

நான் வாசித்தேன். முதல் இரண்டு எழுத்து சேர்ந்து ஒரு வார்த்தை. எஷோ. வா என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்தது. மிச்ச இரண்டும் ஆடிய ஆட்டத்தில் எனக்குப் பிடிபடவில்லை. புத்தகத்தில் நேராக நின்றாலே எனக்குப் பிடிபடாது. “வா” என்று சொல்லி நிறுத்தினேன். அப்பா காத்திருந்தார். அம்மா காத்திருந்தாள். அத்தையும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் தான் வரைந்தது என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை. அப்போது ரயில் ஒன்று ஊதிக்கொண்டு வந்தது. டம்ளர்கள் ஆடின. குழந்தைகள் புத்தகம்தானே, ரயில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

“வா, ஸ்டேஷனுக்கு வா” என்று வாசித்தேன். ராகத்தோடு.

அம்மா போய் ஜன்னலைச் சாத்தினாள். அப்பா தாளை நான்காக மடித்தார்.

“அப்படியா எழுதியிருக்கு?” என்று அத்தை என்னைக் கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது.

“ஆமா” என்றேன்.

“கட்டினவ கீழ இருக்கையில, எம் தங்கச்சியை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுதானா?” என்று அப்பா கேட்டார். கத்தவில்லை. கத்தினால் கீழே கேட்கும்.

நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரியவே இல்லை. ஏதோ தப்பாகப் போகிறது என்று மட்டும் தெரிந்தது. அப்பா என் தலையைத் தடவி, “இவ ஒருத்தி வாசிக்கத் தெரிஞ்சவ இருந்ததால மானம் பொழைச்சது” என்றார். அந்தத் தடவலில் எனக்கு எல்லாம் மறந்துபோனது.

அப்பாவின் ஆபீஸில் பெங்காலிக்காரர்கள் பத்துப் பேர் அவரோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். எவரிடமாவது அந்தத் தாளைக் காட்டியிருந்தால் அரை நிமிஷ வேலை. காட்டவில்லை. தங்கையின் மானத்தை எடுத்து வெளியாள் கண்ணில் வைக்க அவரால் முடியாது. சமீபத்தில்தான் கணக்குப் பார்த்தேன், அன்று அப்பாவுக்கு முப்பத்திரண்டு வயது. என் கடைசிப் பிள்ளையைவிடச் சின்னவர். சொந்தபந்தம் இல்லாத ஊரில் ஒரு தங்கையைக் கரையேற்ற வேண்டிய மனிதர். கொடுமைக்காரர் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பயந்தவர், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதார். நான் பார்த்தேன்.

படிக்கதவு சாத்தப்பட்டது. காகிமா வந்து தட்டினால் அம்மா ஒரு விரற்கடை திறந்து, “ஷோரீர் கராப்” என்பாள், அத்தைக்கு உடம்பு சரியில்லையாம். காகிமா பார்லித் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போவாள். அம்மா அதை எடுக்க மாட்டாள். அத்தை ஜன்னல் பக்கம் போகவில்லை. தூரிகையும் சாஸரும் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது, பிறகு நான் அவற்றைப் பார்க்கவில்லை. சென்னைக்குப் போகும் தெரிந்த குடும்பம் ஒன்றோடு அத்தையை அனுப்புவதாக ஏற்பாடு.

அத்தை புறப்படுவதற்கு முந்தின நாள், முற்றத்துக் குழாயடியில் காகிமா என்னைப் பிடித்தாள். இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். அச்சில் வந்த பக்கம், மை இன்னும் ஒட்டியது. சிவப்பில் பெரிய நான்கு எழுத்து. குத்தவைத்த ஆள், பல்லக்கு, கோழி, குடை. மேலேயிருந்து வராமல்போன தாளுக்குப் பதில் காகுவே அத்தையின் பழைய தாள்களை வைத்துப் பார்த்துப் பார்த்து இடது கையால் வரைந்து முடித்திருக்கிறார். கீழே கட்டம் கட்டமாக விளையாட்டுப் படங்கள்.

“உன் அத்தை வரைந்தது மாதிரியே வரவில்லை என்று உங்கள் காகுவுக்குக் குறை. அவளிடம் காட்டு” என்று சொல்லி, விரலை வைத்துச் சின்னப் பிள்ளைக்கு வாசிப்பதுபோல எனக்கு வாசித்தாள். எஷோ. அதற்கடுத்த இரண்டு எழுத்தும் சேர்ந்து, விளையாடலாம். வா, விளையாடலாம். அவ்வளவுதான் அதில் இருந்தது.

மேலே போக இருபத்தோரு படி. ஒவ்வொரு படியிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அம்மா அடுப்படியில் கரியை விசிறிக்கொண்டிருந்தாள். அப்பா கூடத்தில், எனக்குப் பூஜைக்கு வாங்கிய புது கவுனை மடியில் வைத்துக்கொண்டு, கூட வந்திருந்த ஆபீஸ் நண்பரிடம், “எம்மவ படிப்பில கெட்டி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நேரே அடுப்படிக்குப் போனேன்.

“என்னட்டி காயிதம்?” என்றாள் அம்மா.

“பழைய பரீட்சைத் தாள்” என்று சொல்லி அடுப்பில் போட்டேன். ஈர மை. உடனே பிடிக்கவில்லை. ஓரம் சுருண்டு, பிறகு குப்பென்று பிடித்தது. அப்போதும் அத்தை பக்கத்து அறையில் பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்தது. வாசிக்கத் தெரியாதவள் என்று ஆகிவிடுவேன் என்று நன்றாகத் தெரிந்தது.

ஹௌரா ஸ்டேஷனுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். பிளாட்பாரத்தில் பந்தலுக்குப் போகும் மூங்கில் கட்டுகள். அப்பா கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போனார். அம்மா அந்தக் குடும்பத்துப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே நின்ற என்னை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஜன்னலின் மரச்சட்டத்தில் விரல் கனத்துக்குத் தூசி. அதில் விரலால் வரைந்தாள். நான்கு எழுத்தும், ஒரு வளைவு பிசகாமல்.

“ஏட்டி, இதுல ஸ்டேஷன்னு எங்கன வருது?”

நான் மூங்கில் கட்டுகளைப் பார்த்தேன்.

“சும்மா சொல்லுட்டி. நான் வரைஞ்சது எதுன்னு எனக்காவது தெரிய வேண்டாமா?”

நான் மூன்றாவது எழுத்தின்மேல் விரலை வைத்தேன். “இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது” என்றாள். பிறகு உள்ளங்கையால் கோழியைத் துடைத்தாள், குடையையும் துடைத்தாள். முதல் இரண்டு எழுத்தை அப்படியே விட்டுவிட்டாள். வண்டி நகர்ந்தபோது சட்டத்தில் அது மட்டும் இருந்தது. வா.

தை மாதமே அத்தைக்குக் கல்யாணம் ஆனது. இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு இரண்டாந்தாரம். நல்ல மனிதர் என்றுதான் சொன்னார்கள். அடுத்த வருஷம் நாங்கள் பெஹாலாவுக்குக் குடிபோனோம். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தோதான பள்ளி இல்லை, பெங்காலிப் பள்ளியில் சேர்க்க அப்பாவுக்கு மனமில்லை. நானும் கேட்கவில்லை. எழுத்தைப் பார்த்தாலே தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். வீட்டு வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். என் படிப்பு அங்கே நின்றது. ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பாவின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

அத்தையைப் பிறகு மூன்று முறை பார்த்தேன். மூன்றாம் முறை, அவளுக்கு எழுபதுக்கு மேல். திருநெல்வேலியில் அவள் வீட்டுக்கே போயிருந்தேன். பேரன் பேத்திகள் நோட்டில் படம் வரைந்து கொடு என்றால், “எனக்கு வராதும்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

“அந்தக் காகிமா எப்படி இருக்கா? உசிரோட இருக்காளா?”

“தெரியல அத்தை. அப்பவே வீடு மாறிட்டோம்லா.”

“நல்லவங்கன்னு நெனச்சேன்ட்டி. பாஷை தெரியாதவன்னு என் கையாலயே அப்படி எழுதவச்சுட்டாங்களே. ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு இன்னும் எனக்கு வெளங்கல.”

ஐம்பது வருஷமாக அவள் அதை நம்பியிருக்கிறாள். அண்ணன் சந்தேகப்பட்டதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். கன்னத்தைப் பிடித்து ஆட்டிய காகிமாவை மன்னிக்கவில்லை. தன் கையையும் மன்னிக்கவில்லை. எனக்கு வாய் வரை வந்தது. கூடத்தில் என் பெரிய மகன் உட்கார்ந்திருந்தான், அவன் பெண்டாட்டி இருந்தாள். “எங்க அத்தைக்கு என்மேல உயிர்” என்று அவர்களிடம் ரயிலில் வரும்போது பெருமையடித்திருந்தேன். காபி ஆறுகிறது அத்தை என்று சொன்னேன். அதற்கடுத்த ஆடியில் அவள் போய்விட்டாள்.

இதைக் கேட்டு நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். சொல்வீர்கள் என்று தெரியும், அதனால்தான் நேரில் சொல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் காகுவும் காகிமாவும் ஒரு தப்பும் செய்யவில்லை. அத்தையும் செய்யவில்லை. அந்தத் தாளில் வா, விளையாடலாம் என்றுதான் எழுதியிருந்தது. இந்த ஒரு வரியை மட்டுமாவது தடித்த எழுத்தில், நிதானமாக நிற்கிற எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்க வேண்டாம், எழுது என்கிறேன்.

“ஆச்சி, இதை அப்படியே போடணுமா? அந்த அடுப்பு இடத்தை வேணா விட்டுடலாம். யாருக்கும் தெரியப் போறதில்ல.”

“விடாதே. முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. நீ வேகமாக எழுதிய எழுத்தை எனக்கு வாசிக்க வராது, நீ சொல்வதை நம்பித்தான் நான் உட்கார்ந்திருப்பேன். நான் வருத்தப்படுவேன் என்று எதையும் மாற்றாதே. தெரியாத எழுத்து வந்தால் தெரியவில்லை என்று சொல். என்ன இருக்கிறதோ அதை வாசி, கண்ணு.”